தூண் ஒதுங்கிய கரை

குடும்பத்தோடு வேறோர் ஊருக்குக் குடிபெயர நினைப்பவர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் எப்படி, மண் எப்படி, அக்கம்பக்கத்தார் எப்படி என்று விசாரிப்பார். போகும் இடம் தீவு என்றால் விசாரணை இன்னும் கடுமையாகும். தரையில் தவறான ஊரைத் தேர்ந்துகொண்டவர் அடுத்த ஊருக்கு வண்டி கட்டிவிடலாம். கடல் நடுவே தவறியவருக்கு அந்த வழி எளிதில் திறக்காது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்தும் ஸ்காட்லாந்தை ஒட்டிய தீவுகளிலிருந்தும் ஐஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தன. பல நாள் கடல்வழி, மேற்கூரையில்லாத மரக்கப்பல், அதற்குள் ஆடுமாடு, விதை, குழந்தைகள். ஆனாலும் அவர்களில் சிலர், தீவின் மலைகள் கண்ணில் பட்டதும், பழைய வீட்டில் குடும்பத் தலைவரின் இருக்கைக்கு இருபுறமும் நின்ற மரத்தூண்களைக் கடலில் எறிந்தார்கள். அவை எந்தக் கரையில் ஒதுங்குகின்றனவோ அங்கேயே குடியிருப்பதாக நேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகளின் வாழ்வை அலையின் போக்கில் விடுவது பக்தியா, பொறுப்பின்மையா? இடம் தேடுகிறவர் தன் கண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? எந்தக் கட்டத்தில் தன்னைத் தெய்வத்தின் கையில் ஒப்படைக்கலாம்? ஆராய்ச்சி தானாக ஒருபோதும் முடிவுக்கு வராது. அதை முடித்துவைக்க வந்ததே அந்த நேர்ச்சை என்பது என் கருத்து. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. அதே சமயம் அதற்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும், அந்த எல்லையை அது காணத் தவறியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தச் செய்திகள் பெரும்பாலும் 'லாண்ட்னாமாபோக்' என்ற குடியேற்ற நூலிலிருந்து வருபவை. இன்று முழுமையாகக் கிடைக்கும் வடிவங்களில் பழையது ஸ்டுர்லா தோர்தர்சன் தொகுத்தது. அவர் இறந்தது 1284இல். குடியேற்றமோ 870களில் தொடங்கியது. ரெய்க்யவிக்கில் தோண்டியெடுத்த பழைய வீடுகளின் காலத்தை, அந்த ஆண்டுகளில் வெடித்த எரிமலையின் சாம்பல் அடுக்கு உறுதிப்படுத்துகிறது. ஆனால் யார் என்ன சொன்னார், எந்தத் தூண் எங்கே ஒதுங்கியது என்பதையெல்லாம் சாம்பல் சொல்லாது. நானூறு ஆண்டு இடைவெளியில் வாய்மொழியாக வந்தவற்றில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிக்க முடியாது என்பதும், அவற்றை எழுதியவர்கள் கிறித்தவர்கள் என்பதும் நியாயமான எச்சரிக்கைகள். என் வாதத்துக்கு இவை தடையாகவில்லை. தாங்கள் இந்தத் தீவுக்கு எப்படி உரியவர்களானோம் என்று ஒரு சமூகம் திரும்பத் திரும்ப யோசித்ததன் பதிவு அந்த நூல். அந்த யோசனையின் தரத்தைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன். அது நாம் எதிர்பார்ப்பதைவிட மிக நுட்பமானது.

முதலில் நோட்டம் பார்த்தவர்களை எடுத்துக்கொள்வோம். நார்வேயைச் சேர்ந்த ஃப்ளோக்கி என்பவர் மூன்று அண்டங்காக்கைகளோடு கிளம்பினார். நடுக்கடலில் முதல் காக்கையை விட்டபோது அது வந்த வழியே பின்னோக்கிப் பறந்தது. இரண்டாவது மேலே எழும்பிவிட்டுக் கப்பலுக்கே திரும்பியது. மூன்றாவது முன்னோக்கிப் பறந்த திசையில் போய்த் தீவை அடைந்தார். மேற்குக் கரையோர வளைகுடா ஒன்றில் மீன் கொழித்தது. அவருடைய ஆட்கள் கோடை முழுவதும் மீன் பிடித்தார்கள், குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்க மறந்தார்கள், கால்நடைகள் அத்தனையும் செத்தன. வசந்தத்தில் மலையேறிப் பார்த்த ஃப்ளோக்கி, ஒரு வளைகுடா முழுக்கப் பனிக்கட்டி மிதப்பதைக் கண்டு தீவுக்கு இன்றுள்ள பெயரை வைத்தார். நாடு திரும்பியதும் அந்த ஊர் எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். ஃப்ளோக்கி தீவை ஒரேயடியாகப் பழித்தார். உடன் போயிருந்த ஹெர்யோல்ஃப் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்றார். மூன்றாமவர் தோரோல்ஃப், அங்கே புல்லின் ஒவ்வொரு நுனியிலும் வெண்ணெய் சொட்டுகிறது என்று சொல்லி, வெண்ணெய் தோரோல்ஃப் என்றே பெயரெடுத்தார். ஒரே பயணம், ஒரே குளிர்காலம், மூன்று அறிக்கைகள். இவர்களில் யாரும் பொய் சொன்னதாக நூல் கூறவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர் இந்த மூவரையும் ஒருசேரக் கேட்டுவிட்டுத்தான் தன் குடும்பத்துக்கு முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் குறையை இன்னும் கவனமான ஆட்களை அனுப்பிச் சரிசெய்துவிட முடியாது. நோட்டம் பார்ப்பதிலேயே அது இருக்கிறது. பார்க்கப் போகிறவர் தனக்குத் தெரிந்ததை வைத்தே தெரியாததை அளக்கிறார். ஐஸ்லாந்தின் புல்வெளியும் பிர்ச் மரக்காடும் நார்வே விவசாயிக்குச் சொந்த ஊர் போலவே தெரிந்திருக்கும். அடியிலிருந்த மண்ணோ எரிமலைச் சாம்பலால் ஆனது. மேலுள்ள செடிகொடி போய்விட்டால் காற்றிலும் நீரிலும் எளிதில் அடித்துச் செல்லப்படும் இலகுவான மண். அதை எந்தக் கண்ணும் ஒரு கோடையில் கண்டிருக்க முடியாது. குடியேற்றக் காலத்தில் தீவின் நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்காவது பிர்ச் மரங்கள் இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வெட்டியதும் எரித்ததும் ஆடு மேய்த்ததும், ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்து நன்றாக நடந்த காரியங்கள்தாம். இரண்டாவது தடை பார்க்கிறவரிடமே இருக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் எல். ஏ. பால் 2014இல் வெளியிட்ட நூலில் ஒரு வகை முடிவைப் பற்றி விரிவாக வாதிட்டார்: சில அனுபவங்கள் நமக்குப் புதிய அறிவைத் தருவதோடு, நாம் எதை மதிக்கிறோம் என்பதையே மாற்றிவிடுகின்றன, ஆகவே அந்த அனுபவத்துக்கு முன்னிருக்கும் மனிதர், பின்னால் வரப்போகும் தன்னுடைய சார்பில் கணக்குப் போட முடியாது. பிள்ளை பெறுவது அவர் காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு. தீவுக்குக் குடிபெயர்வதும் அப்படித்தான். அங்கே வாழப்போவது இங்கே கணக்குப் போடுகிற ஆள் இல்லை. அந்தத் தீவால் மாற்றப்பட்ட ஆள். குழந்தைகளோ இன்னும் முழுதாக உருவாகவே இல்லாதவர்கள். அவர்களுக்கு எது பிடிக்கும் என்பதை அந்த இடமே பிறகு தீர்மானிக்கும்.

அப்படியானால் நோட்டம் பார்ப்பதே வீணா? வீண் இல்லை என்பதற்கு முதல் நிரந்தரக் குடியேறியாகக் கருதப்படும் இங்கோல்ஃப் அர்னார்சனின் கதையே சான்று. இங்கோல்ஃபும் அவருடைய உறவினரும் வளர்ப்புச் சகோதரருமான ஹ்யோர்லெய்ஃபும் நார்வேயில் ஒரு பகையில் சிக்கிச் சொத்தை இழந்தார்கள். உடனே மூட்டை கட்டவில்லை. முதலில் ஒரு கப்பலில் போய், தீவின் கிழக்கே ஒரு வளைகுடாவில் ஒரு குளிர்காலம் தங்கிப் பார்த்தார்கள். வடக்கைவிடத் தெற்கு மேலானது என்று கண்டுகொண்டு திரும்பினார்கள். அதன் பிறகே இங்கோல்ஃப் பெரிய பலி கொடுத்துத் தன் விதியைப் பற்றித் தெய்வக் குறி கேட்டார். குறி ஐஸ்லாந்தைக் காட்டியது. இரண்டாம் பயணத்தில், தெற்குப் பக்கம் தீவு தென்பட்ட பிறகே தூண்களை எறிந்தார். இந்த வரிசை முக்கியமானது. கண் செய்யக்கூடிய வேலையை முதலில் கண்ணுக்கு விட்டார்: வாழத் தகுந்த தீவுதானா, எந்தப் பக்கம் நல்லது. நடுக்கடலில், எந்தக் கரையென்று தெரியாத நிலையில் அவர் தூணை எறியவில்லை. நல்லது என்று கண்டறிந்த தெற்குக் கரைக்குள் எந்த இடம் என்பதை மட்டுமே அலைக்கு விட்டார். நம் கோயில்களில் பூப்போட்டுப் பார்ப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். சரிவராத வரனுக்கு யாரும் பூப்போட்டுக் கேட்பதில்லை, விசாரித்துத் தேறிய இரண்டில் எது என்று திகைக்கும்போதுதான் சந்நிதிக்குப் போகிறார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: ஐஸ்லாந்தைச் சுற்றிக் கரையோர நீரோட்டம் கடிகார முள் செல்லும் திசையில் ஓடுகிறது, தென்கிழக்கே எறிந்த மரம் தென்கரையோரமாக மேற்கே போய், தென்மேற்கு முனையைச் சுற்றி வளைகுடாவுக்குள் ஒதுங்குவது இயல்பு, இங்கோல்ஃபின் தூண்கள் கடைசியில் ரெய்க்யவிக்கில் கிடைத்ததில் தெய்வத்துக்கு என்ன பங்கு? ஒரு படி மேலே போய், மிதவை மரம் ஒதுங்கும் கரையில் விறகும் வீட்டு மரமும் கிடைக்கும், எனவே தூண் எறிவது மறைமுகமான நல்ல உத்திதான் என்றும் வாதிடலாம். அறிவியலின் பெயரால் வரும் இந்த இரண்டாம் விளக்கம் எனக்கு ஒப்புதலாக இல்லை. ஒரு சடங்கை மதிக்க வேண்டுமானால் அதற்குள் ஒரு பயனை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற அவசரம் அதில் இருக்கிறது. மரம் வரும் கரையைத் தேடுவதுதான் நோக்கமென்றால், சாதாரணக் கட்டை போதும். மிதவை மரம் குவிந்து கிடக்கும் கரையை நேரிலேயே பார்த்துவிடலாம். எறியப்பட்டதோ வீட்டின் நடுநாயகமான பொருள். தோரோல்ஃப் என்ற இன்னொரு குடியேறி (வெண்ணெய் தோரோல்ஃப் அல்ல) தோர் தெய்வத்தின் உருவம் செதுக்கிய தூண்களை எறிந்தார். பழைய கோயிலின் பீடத்துக்கு அடியிலிருந்த மண்ணையும் கப்பலில் கொண்டுவந்தார். ஸ்கல்லகிரிம் என்பவரின் தந்தை பயணத்தின் நடுவே சாகும் தறுவாயில், தன் சவப்பெட்டியைக் கடலில் விடச் சொல்லி, அது ஒதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மகன் வீடு கட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். குடும்பம் போய் இடம் பிடிக்கும் முன், அந்தக் குடும்பத்தில் எது மிக மதிப்புக்குரியதோ அது முன்னால் போகிறது. நீரோட்டம் அதை எடுத்துச் சென்றது என்பது உண்மை. அலை கொண்டுபோய் விட்ட இடத்துக்குக் கட்டுப்படுவேன் என்று ஒருவர் சொல்லும் சொல்லை நீரோட்டம் விளக்காது.

அந்தச் சொல் செய்யும் வேலை என்ன? அது ஒப்பிடுவதை நிறுத்துகிறது. நல்ல இடங்கள் பல இருக்கும் தீவில், எதைத் தேர்ந்தாலும் அடுத்த மலைக்கு அப்பால் இன்னும் நல்லது இருக்கலாம் என்ற நினைப்பு ஓயாது. முதல் கெட்ட குளிர்காலத்தில் அந்த நினைப்பு மனக்கசப்பாகும். யார் சொல்லி இங்கே வந்தோம் என்ற கேள்வி வீட்டுக்குள் எழும். இடத்தைத் தன் சாமர்த்தியத்தால் தேர்ந்தவர் ஒவ்வொரு இழப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இடம் தரப்பட்டது என்று ஏற்றவர் இழப்பைத் தாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஃப்ளோக்கியின் ஆட்கள் மீனில் மயங்கி வைக்கோலை மறந்தது அறிவுக்குறைவால் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் விருந்தாளிகளாக வாழ்ந்தார்கள். அடுத்த குளிர்காலத்துக்கும் அதற்கடுத்ததற்கும் இங்கேயேதான் என்று உறுதியெடுத்தவருக்குத்தான் புல் வெட்டும் நினைவு வரும். ஸ்கல்லகிரிம் தந்தையின் பெட்டி ஒதுங்கிய இடத்துக்கு அருகில் வீடு கட்டிய பின் செய்ததைப் பாருங்கள்: கடலோரத்தில் கடல்நாய் வேட்டைக்கும் முட்டை பொறுக்கவும் ஓர் ஆள், ஆற்றோரத்தில் சால்மன் பிடிக்க ஓர் ஆள், மேட்டுநிலத்தில் ஆடு கொழுப்பதைக் கண்டு அங்கே ஒரு பண்ணை. தேடல் நின்றுவிடவில்லை. எங்கே என்ற கேள்வி அடங்கியதும், எப்படி என்ற கேள்விக்கு முழு மனமும் கிடைத்தது. ஃப்ளோக்கியும்கூடப் பிற்காலத்தில், தான் பழித்த அதே தீவுக்குத் திரும்பி வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் குடியேறினார் என்று நூல் சொல்கிறது. தீவு மாறவில்லை, வந்த நோக்கம் மாறியிருந்தது.

தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுவதானால் முழுவதுமாகப் போட வேண்டியதுதானே, எதற்கு இந்தப் பாதிக் கிணறு என்று எதிர்முனையிலிருந்தும் கேட்கலாம். அப்படிப் போட்டவர்களும் அந்தக் கடலில் இருந்தார்கள். 891ஆம் ஆண்டுக்கான ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு, அயர்லாந்திலிருந்து மூன்று பேர் துடுப்பே இல்லாத தோல் படகில், ஏழு நாள் உணவோடு கிளம்பி, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் ஒதுங்கி, ஆல்ஃபிரட் அரசரிடம் வந்ததாகச் சொல்கிறது. இறைவன் மேலுள்ள அன்பால் எங்காவது அந்நிய நிலத்தில் வாழ வேண்டும், எங்கே என்பது பொருட்டில்லை என்பதே அவர்கள் கொள்கை. இதே மரபைச் சேர்ந்த ஐரிஷ் துறவிகள் வைக்கிங்குகளுக்கு முன்பே ஐஸ்லாந்தில் இருந்ததாகவும், புறச்சமயத்தாரோடு வாழ விரும்பாமல் நூல்களையும் மணிகளையும் விட்டுப் போனதாகவும் 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஆரி எழுதினார். அந்த மூவரின் செயலை நான் வணங்குகிறேன். ஆனால் அதைக் குடும்பஸ்தருக்கு அளவுகோலாக வைப்பது தவறு. துறவி பணயம் வைப்பது தன் உடலை மட்டும். துடுப்பில்லாத படகில் பால்குடிக் குழந்தையை ஏற்றுகிறவர் தன்னுடையதல்லாத ஒன்றைக் காணிக்கையாக்குகிறார். ஒருவருக்கு உரிமை இல்லாததை அவர் தெய்வத்துக்குத் தர முடியாது. எனவே குடும்பத்தோடு போகிறவருக்கு நோட்டம் பார்ப்பது ஒரு கடமை. அதைச் செய்த பிறகே சரணடையும் தகுதி வருகிறது.

இந்தக் கேள்வியை அக்காலத்தவரே எழுப்பினார்கள் என்பது ஹெல்கி என்பவரின் கதையில் தெரிகிறது. அவர் ஐரிஷ் அரசர் ஒருவரின் பேரன். கிறிஸ்துவை நம்பியவர், ஆனால் கடல் பயணத்திலும் கடினமான காரியங்களிலும் தோரை வேண்டியவர். எங்கே கரை சேர வேண்டும் என்று தோரிடம் கேட்டார், வடக்கே போகச் சொல்லிக் குறி வந்தது. அப்போது மகன் ஹ்ரோல்ஃப் தந்தையிடம், குளிர்காலத்தைக் கழிக்கத் தோர் வட துருவப் பெருங்கடலுக்கே போகச் சொன்னாலும் போவீர்களா என்று கேட்டான். கோடை முடிந்துகொண்டிருந்தது, கப்பலில் எல்லோரும் களைத்திருந்தார்கள். பிள்ளைகளின் சார்பில் தெய்வத்தை நோக்கி வைக்கப்பட்ட கேள்வி இது. நூல் அதை நாத்திகம் என்று கண்டிக்கவில்லை, ஹெல்கியின் பதிலையும் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே நிறுத்திவிட்டு நகர்கிறது. அடுத்து நடந்தது பதிலைவிடத் தெளிவானது. முதல் குளிர்காலம் கடுமையாக இருந்தது. வசந்தத்தில் ஹெல்கி ஒரு மலையில் ஏறிப் பார்த்தார். அவர்கள் தங்கியிருந்த வளைகுடாவின் உட்பகுதி பனி குறைந்து கறுத்துத் தெரிந்தது. குடும்பத்தை அங்கே நகர்த்தினார். வழியில் ஓர் இடத்தில் ஆண் பன்றி ஒன்றையும் பெண் பன்றி ஒன்றையும் இறக்கிவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது எழுபது இருந்தனவாம். நிலத்தைச் சோதிக்க இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை. மனைவி தோருன் வழியில் ஆற்றுத் திட்டு ஒன்றில் பெண் குழந்தை பெற்றாள். பிறகு இன்னும் ஒருமுறை இடம் மாறி, கிறிஸ்துவின் பெயர் சூட்டிய இடத்தில் நிலைத்தார்கள். தோர் வடக்கைக் காட்டினார். அங்கே எந்த இடம் என்பதைப் பனி உருகிய நிறமும் பன்றிக் குட்டிகளும் காட்டின.

இதைப் படித்துவிட்டு, தான் விரும்பியதைச் செய்துவிட்டுத் தெய்வத்தின் மேல் சொல்வதுதானே இது என்று ஒருவர் சொல்வார். குறி வளைந்துகொடுக்கும் பொருளாக இருந்தால் அது குறியே இல்லை. ஹெல்கியைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் லோத்முண்ட் என்ற முதியவரின் கதை இதற்கு எதிர்ச்சான்று. அவர் தூண்களை எறிந்துவிட்டுக் கிழக்கே ஒரு வளைகுடாவில் தங்கினார். அந்த வளைகுடா இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. தூண்கள் தெற்கே ஒதுங்கின என்ற செய்தி பிறகு வந்ததும், கட்டிய வீட்டை விட்டு, எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சுகமாக இருந்த இடத்திலிருந்து ஒருவரை எழுப்பும் சொல் வெறும் சாக்காக இருக்க முடியாது. இங்கோல்ஃப் தன் தூண்களுக்காக மூன்று குளிர்காலங்கள் தேடினார், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் கழித்து. நேர்ச்சை சில சமயம் விருப்பத்தோடு ஒத்துப்போகும், சில சமயம் அதன் மேல் ஏறி மிதிக்கும். இரண்டாவது நடந்தபோதும் அதைக் காத்தவர்கள் இருந்தார்கள் என்பதே போதும்.

ஆனால் எல்லாவற்றிலும் வலிமையான எதிர்ப்பு ஓர் அடிமையின் வாயிலிருந்து வருகிறது. இங்கோல்ஃபின் தூண்களைத் தேடி அலைந்தவர்கள் வீஃபில், கார்லி என்ற இரு அடிமைகள். கடைசியில் அவை ரெய்க்யவிக்கில் கிடைத்தபோது கார்லி, இத்தனை நல்ல பகுதிகளைத் தாண்டி வந்து இந்த ஒதுக்குப்புற முனையிலா வாழப்போகிறோம் என்று மனம் நொந்தான். விவசாயியின் கண்ணோடு பார்த்தால் அவன் சொன்னது சரி. அவர்கள் தாண்டிவந்த தென்பகுதிச் சமவெளி தீவின் வளமான நிலங்களில் ஒன்று. ரெய்க்யவிக் காற்றடிக்கும் பாறைக்கரை. அது இன்று தலைநகரமாயிற்றே, தெய்வம் தவறவில்லையே என்று பதில் சொல்லும் ஆசை பலருக்கும் வரும். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ரெய்க்யவிக்குக்கு நகர உரிமை கிடைத்தது 1786இல். அதற்கு முந்தைய ஒன்பது நூற்றாண்டுகள் அது பண்ணை நிலமாகவே இருந்தது. கார்லியின் முதுகுவலிக்கு ஒன்பது நூற்றாண்டு கழித்து வரும் துறைமுகம் ஈடாகாது. அவனுடைய எதிர்ப்பின் உண்மையான கூர்மை வேறிடத்தில் இருக்கிறது: நேர்ந்துகொண்டது இங்கோல்ஃப், நடந்து தேடியது கார்லி. சரணாகதி சரணடைந்தவருக்கு அமைதி தருகிறது என்று மேலே சொன்னேன். அந்த அமைதியின் விலையை நேர்ந்துகொள்ளாத ஒருவன் தருகிறான். கார்லி ஓர் அடிமைப் பெண்ணோடு அங்கிருந்து ஓடிப்போனான். அவன் போனதில் எனக்குக் குறை காண எதுவும் இல்லை.

ஹ்யோர்லெய்ஃபின் முடிவு இதையே இன்னும் கொடூரமாகக் காட்டுகிறது. அவர் பலியிடாதவர், குறி கேட்காதவர். தூண் எறியாமல் நேராகக் கரையிறங்கி வீடு கட்டினார். அயர்லாந்தில் பிடித்துவந்த பத்து அடிமைகள் அவரிடம் இருந்தார்கள். வசந்தத்தில் விதைக்க ஒரே ஒரு காளைதான் இருந்தது. ஏரில் அடிமைகளைப் பூட்டினார். அவர்கள் காளையைக் கொன்றுவிட்டு, கரடி கொன்றது என்று சொல்லி, தேடிப் போனவர்களைக் காட்டுக்குள் ஒவ்வொருவராகக் கொன்று, பெண்களையும் பொருளையும் எடுத்துக்கொண்டு தீவுகளுக்குத் தப்பினார்கள். உடலைக் கண்ட இங்கோல்ஃப், பலியிட மறுப்பவர்களுக்கு இப்படித்தான் நேரும் என்று வருந்தினாராம். பிறகு அடிமைகளைத் தேடிப்போய்க் கொன்றார். பக்திமானின் இந்தத் தீர்ப்பை நூல் பதிவுசெய்கிறது. ஆனால் அதே நூல், சில வரிகளுக்கு முன், ஏரைப் பற்றிய செய்தியையும் தந்துவிட்டது. மனிதரை மாட்டுக்குப் பதில் பூட்டியவர் எத்தனை பலி கொடுத்திருந்தாலும் அந்தக் காடு அவருக்காகக் காத்திருந்திருக்கும். நம்பிக்கையின் மேல் நான் வைக்கும் கடுமையான குற்றச்சாட்டு இதுவே: தெய்வக் குறியைக் கூர்ந்து கவனித்த கண், கூடவே வந்த மனிதரின் தோளில் பதிந்த நுகத்தடியைக் காணவில்லை. பிற்காலத்துச் சட்டம் ஒன்று, தீவை நெருங்கும் கப்பல்கள் முகப்பிலுள்ள வாய் பிளந்த உருவங்களைக் கழற்றிவிட வேண்டும், நிலத்தின் காவல் ஆவிகள் அஞ்சக்கூடாது என்று விதித்ததாம். நிலத்தை அச்சுறுத்தாமல் நுழைய வேண்டும் என்ற அந்த மென்மை, கப்பலுக்குள் கட்டுண்டு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் இடம் பார்த்தலும் நேர்ச்சையும் போதாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும், அதை ஒரு பெண்ணின் குடியேற்றத்தில் காண முடிகிறது. அவுத், டப்ளினில் ஆண்ட ஓலாஃபின் மனைவி. ஹெல்கியின் மனைவி தோருனுக்குச் சகோதரி. கணவரும் மகனும் கொல்லப்பட்ட பின், ஸ்காட்லாந்தின் வட கோடிக் காட்டுக்குள் ரகசியமாகக் கப்பல் கட்டி, பேரப்பிள்ளைகளோடு கிளம்பினாள். ஓர்க்னியிலும் ஃபாரோவிலும் ஒவ்வொரு பேத்திக்குத் திருமணம் முடித்துக்கொண்டே வந்தாள். அவள் ஞானஸ்நானம் பெற்றவள். ஆனாலும் அவள் கதையிலும் தூண்கள் வருகின்றன: வளைகுடாவை ஒட்டிய பள்ளத்தாக்குகளையெல்லாம் சுற்றிப் பார்த்தபின், தன் தூண்கள் ஒதுங்கிக் கிடந்த ஹ்வாம் என்ற இடத்தில் வீடு கட்டினாள், பக்கத்துக் குன்றில் சிலுவைகள் நட்டுப் பிரார்த்தனை செய்தாள். தூண் எறிவது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் அதை ஒரு கிறித்தவப் பெண்ணின் கதையில் சேர்த்திருக்க மாட்டார்கள். வேறொன்றும் இருக்கிறது. தான் கைக்கொண்ட பரந்த நிலத்தை அவள் உடன் வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். வாங்கியவர்களில் அவள் விடுதலை செய்த அடிமைகளும் உண்டு. அவர்களில் ஒருவன் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் மகன். இன்னொருவன் — இவன் பெயரும் வீஃபில் — எல்லோருக்கும் நிலம் கொடுத்தாயே, எனக்கு ஏன் இல்லை என்று நேரிலேயே கேட்டான். நீ எங்கிருந்தாலும் மதிப்போடுதான் இருப்பாய் என்று சொல்லி, அவனுக்கும் ஒரு பள்ளத்தாக்கைக் கொடுத்தாள். கார்லி முணுமுணுத்துவிட்டு ஓடினான். இவன் எதிரே நின்று கேட்டான், பெற்றான். அவுத்தின் நேர்ச்சைக்கு மற்றவர்கள் அடங்கியே வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நேர்ச்சை அவளுக்கு முடித்துவைத்த கேள்வியை, அவளோடு வந்தவர்கள் தங்கள் சார்பில் திரும்பத் திறக்க அங்கே இடம் இருந்தது. இடத்தைக் காட்டிய தெய்வம் யார் என்பதில் அவுத்தும் இங்கோல்ஃபும் உடன்பட்டிருக்க மாட்டார்கள். அந்த வேறுபாட்டைவிட, கூட வந்தவரின் கேள்விக்கு நிலமாகப் பதில் தந்தவள் அவுத் என்ற வேறுபாடுதான் எனக்குப் பெரியது.